பனியன் துணியில் சுற்றிய இரும்பு

இதைச் சரியாகத்தான் சொல்கிறேனா என்பதில் எனக்கே சந்தேகம் உண்டு. பழனிமுத்து இதை ஒரே மூச்சில் சொன்னவர் அல்ல. கொஞ்சம் சொல்வார், பிறகு பேச்சை நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். மிச்சம் அடுத்த வருஷம் வரும். திருப்பூர்ச் சலவைப்பட்டறையில் கொப்பரை வெடித்தது அறுபத்தெட்டில் என்று ஒரு முறையும், அறுபத்தொன்பதில் என்று ஒரு முறையும் சொல்லியிருக்கிறார். தீபாவளிக்கு முன்னால் என்பது மட்டும் மாறவே இல்லை. அவர் விட்ட இடங்களை நான் என் போக்கில் நிரப்பியிருக்கலாம். மறைத்தார் என்று நான் நினைக்கும் இடங்களை அவர் உண்மையிலேயே மறந்துபோயிருக்கவும் கூடும்.

அப்போது அவருக்கு இருபத்தேழு வயது. அதனால் இனி அவன் என்றே சொல்லிவிடுகிறேன்.

பழனிமுத்து சேவூர்க்காரன். கோயம்புத்தூரில் ஒரு இன்ஜினியரிங் காலேஜில் உலோகத் துறையில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தான். இரும்பு எப்படி அரிக்கிறது, ஏன் அரிக்கிறது என்பதுதான் அவன் ஆராய்ச்சி. இரும்புத் துண்டை அறுத்து, நாலு தரத்து உப்புத்தாளில் ஒன்று மாற்றி ஒன்றாகத் தேய்த்து, முகம் தெரிகிற அளவு மெருகேற்றி, அமிலம் கலந்த ஸ்பிரிட்டை இரண்டு விநாடி தொட்டு எடுத்தால், மைக்ராஸ்கோப்பில் இரும்பின் உள்ளமைப்பு வயலும் வரப்புமாகத் தெரியும். விவசாயக் குடும்பத்திலிருந்து வந்தவனுக்கு அதை வேறு எப்படியும் பார்க்கத் தெரியவில்லை. முதன்முதலில் பார்த்த அன்று, கிணற்று மேட்டில் ஏறி நின்று சொந்தக் காட்டைப் பார்ப்பதுபோல் இருந்ததாம்.

மெருகேற்றிய துண்டைத் துடைக்க மெத்தென்ற துணி வேண்டும். காலேஜ் ஸ்டோரில் தருகிற பஞ்சு நார் நாராக ஒட்டும். பழனிமுத்துவின் அக்காவைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவள் வீட்டுக்காரர் நாலு மிஷின் போட்டுப் பனியன் கம்பெனி நடத்தினார். வாரம் ஒரு தடவை அக்கா வீட்டுக்குப் போனால், கட்டிங் மேஜைக்கடியில் குவிந்திருக்கும் வெட்டுத்துண்டுகளில் ஒரு பை அள்ளிக்கொண்டு வருவான். வெள்ளை வெளேரென்று, தொட்டால் கோழிக்குஞ்சு மாதிரி இருக்கும். லேபில் எல்லோரும் அதைத்தான் எடுத்துத் துடைத்தார்கள்.

"ஏனுங்க பனியன் டாக்டரு, சரக்கு வந்துருச்சுங்களா?" என்பார் லேப் அட்டெண்டர் லிங்கசாமி. "மீதமானாச் சொல்லுங்க. நம்மூட்டுப் பையனுக்கு ஒரு சட்டை தெச்சுக்கலாம்."

"பையோட எடுத்துக்கங்கண்ணா. கழுத்து வெட்டுன துண்டுதான் இருக்குது. சட்டைய நீங்கதான் தேடிக்கோணும்."

அந்த ஐப்பசியில், தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கையில், திருப்பூரிலிருந்து ஆத்தப்பன் என்பவர் வந்தார். நொய்யல் கரையில் சலவைப்பட்டறை வைத்திருப்பவர். பனியன் துணியைக் காஸ்டிக் சோடாவில் அவித்து, பிறகு பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் போட்டு வெளுத்து, அலசிக் காயவைத்துத் தருவது பட்டறையின் வேலை. அவிப்பது இரும்புக் கொப்பரையில். ஆள் உயரத்துக்கு மேலிருக்கும்; தகடுகளை ரிவெட் ஆணி அடித்துச் சேர்த்தது. மூடியை முறுக்கிவிட்டு உள்ளே நீராவி விடுவார்கள். வெளுப்பது தனியாக, சிமெண்டுத் தொட்டியில். வெளுப்புத் தண்ணீர் கொப்பரைக்குள் போகக் கூடாது, அது இரும்பைத் தின்றுவிடும் என்பதை வேலைக்குச் சேரும் முதல் நாளே சொல்லிவிடுவார்கள். ஆனாலும் துணியைத் தொட்டிக்கு மாற்றச் சோம்பல்பட்டு, கொப்பரைக்குள்ளேயே வெளுப்புத் தண்ணீரைத் திறந்துவிடும் ஆட்களும் ஊரில் இருந்தார்கள்.

ஆத்தப்பன் பட்டறையில் ரிவெட் வரிசையோடு கொப்பரை பிளந்து, கொதிக்கிற காஸ்டிக் சலாவுதீன் என்ற இருபத்திரண்டு வயதுப் பையன்மேல் கொட்டிவிட்டது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனான். விதவைத் தாய் சபுரா பீவிக்கு அவன் ஒரே பிள்ளை.

"கொப்பரை ஓட்டுனவன் வெளுப்புத் தண்ணியத் தொறந்தானா, இல்லாட்டிக் கொப்பரையே கெட்டுக் கெடந்துதான்னு பேக்டரி இன்ஸ்பெக்டர் எழுதிக் கேக்கறாருங்க," என்றார் ஆத்தப்பன். "உங்க பூதக்கண்ணாடியில தெரியும்னாங்க."

பிளந்த இடத்திலிருந்து அறுத்த தகட்டைக் கோணிப்பையில் சுமந்துகொண்டு அவருக்குப் பின்னால் ஒரு ஆள் நின்றார். நாற்பது வயதிருக்கும். இடது முழங்கை வரை கட்டுப் போட்டிருந்தது. கொப்பரை ஓட்டிய பசீர் அகமது அவர்தான். தன்மேல் தீர்ப்புச் சொல்லப்போகிற இரும்பை அவரே தூக்கிக்கொண்டு வந்திருந்தார். பையை மேஜைமேல் சத்தம் வராமல் வைத்தார்.

"நான் காஸ்டிக் மட்டுந்தான் விட்டேனுங்க, சார். வெளுப்புத் தண்ணி வால்வ நாந் தொடவே இல்லீங்க."

"நாம சொல்றதுல என்னங்க இருக்குது," என்றான் பழனிமுத்து. "இரும்பே சொல்லிருமுங்க."

ஆறுதலாகத்தான் அதைச் சொன்னான். பசீர் அகமதும் ஆறுதலாகத்தான் எடுத்துக்கொண்டார். தலையை ஆட்டிக்கொண்டு போனார்.

தீபாவளிக்கு முந்தின வெள்ளிக்கிழமை சாயங்காலம் துண்டு மெருகாகி முடிந்தது. கண்ணாடிக்கடியில் வைக்கப் போகும்போது கரண்ட் போய்விட்டது. ஆறேகாலுக்கு ரயில், அக்கா வீட்டில் தீபாவளி. துண்டைக் கழுவி, பனியன் துணியால் துடைத்து, இன்னொரு துணியில் நாலு சுற்றுச் சுற்றி இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டு ஓடினான். வெளியே அடைமழை. துணி கொஞ்சம் ஈரமாகத்தான் இருந்தது.

நாலு நாள் கழித்து வந்து பிரித்தபோது மெருகின்மேல் லேசாகத் தவிட்டு நிறம் படர்ந்திருந்தது. மழைக்காலம், அப்படித்தான் இருக்கும் என்று ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டான். இந்த மாதிரி வைத்தெடுத்த துண்டை மறுபடி உப்புத்தாளில் தேய்த்து, புதிதாக மெருகேற்றிய பிறகே பார்க்க வேண்டும். கால்மணி நேர வேலை. ஜூனியர் பையன்களுக்கு அதைப் பாடமாகச் சொல்லிக்கொடுக்கிறவனே அவன்தான். ஆனால் அன்று மதியத்துக்குள் அறிக்கை வேண்டும் என்று துறைத் தலைவர் சொல்லியிருந்தார். ஆத்தப்பனின் ஆள் வராந்தாவில் காத்திருந்தான்.

கண்ணாடியில் குழிகள் தெரிந்தன. அம்மைத் தழும்பு மாதிரி, சின்னதும் பெரியதுமாக. குளோரின் தின்ற இரும்பில் இருக்கும் குழி. ரிவெட் துளை ஓரத்தில் மயிரிழை போல விரிசல்களும் இருந்தன. அவை வயலைக் குறுக்கே வெட்டாமல், வரப்பு வழியாகவே வளைந்து வளைந்து ஓடின. அதையும் பார்த்தான். வெடித்தபோது உண்டான விரிசல் என்று ஒரு வரி எழுதிவிட்டு, குழிகளைப் பற்றி ஒரு பக்கம் எழுதினான். வெளுப்புத் தண்ணீர் கொப்பரைக்குள் விடப்பட்டிருக்கிறது என்று முடித்தான். தலைவர் கையெழுத்துப் போட, லிங்கசாமி முத்திரை குத்தினார்.

பொங்கல் விடுமுறைக்குப் போகும் முன்பு பழனிமுத்து தன் ஆராய்ச்சிக்கான ஒரு துண்டை அதேபோல் பனியன் துணியில் சுற்றி வைத்துவிட்டுப் போனான். பட்டறை வாசலே மிதிக்காத இரும்பு. ஸ்டோரிலிருந்து வாங்கிய புதுக் கம்பியில் அறுத்தது. திரும்பி வந்து கண்ணாடிக்கடியில் வைத்தான். அதே அம்மைத் தழும்பு.

கண்ணை எடுக்காமல் நெடுநேரம் குனிந்தே இருந்தான். கழுத்து வலித்தபோதுதான் நிமிர்ந்தான்.

பையிலிருந்து ஒரு துணியை எடுத்து நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, அந்தத் தண்ணீரில் சில்வர் நைட்ரேட் இரண்டு சொட்டு விட்டான். பாலாகத் திரண்டது; குளோரின் இருந்தால்தான் அப்படித் திரளும். வெளுத்த துணியைச் சரியாக அலசவில்லை. குளோரின் நூலிலேயே தங்கியிருந்தது. நொய்யலில் தண்ணீர் குறைந்த மாதங்களில் எந்தப் பட்டறையும் நாலு தடவை அலசுவதில்லை. திருப்பூரில் வளர்ந்த அக்காள் பிள்ளைகளுக்குக்கூட அந்தப் புதுத்துணி வாசனை தெரியும். மூக்கில் தினமும் பட்ட வாசனை அவனுக்கு ஒன்றும் சொல்லவில்லை.

பட்டறைத் துண்டை எடுத்து, முதலிலேயே செய்திருக்க வேண்டிய கால்மணி நேர வேலையை அப்போது செய்தான். தேய்த்ததும் குழிகள் போய்விட்டன. விரிசல்கள் போகவில்லை, தேய்க்கத் தேய்க்க இன்னும் தெளிவாகத் தெரிந்தன. ரிவெட் கசிவில் காஸ்டிக் ஊறி ஊறி, வருஷக்கணக்காக வரப்பு வழியே பிளந்துகொண்டு வந்த விரிசல். அந்தக் கொப்பரையை அன்று யார் ஓட்டியிருந்தாலும் பிளந்திருக்கும்.

தலைவரிடம் போய்ச் சொன்னான். அவர் கெட்டவர் இல்லை. முழுவதும் கேட்டார்.

"முத்திரை வெச்சு அனுப்பினதை மூணு மாசம் கழிச்சு, துடைச்ச துணியால தப்பாயிடுச்சுன்னு எழுதினா, இந்த லேபுக்கு அடுத்து எவன் வருவான், பழனிமுத்து? அந்த ஆளு ஜெயில்ல இருக்கானா?"

"இல்லீங்க சார். வேலை போயிருச்சு."

"வேற வேலை பாத்திருப்பான். விரிசல் அருமையா வந்திருக்கு. தீசிஸ்ல போடு. எந்தப் பட்டறைன்னு மட்டும் போடாதே."

அந்த அறையைவிட்டு வெளியே வரும்போது தனக்கு வந்தது கோபம் அல்ல, நிம்மதி என்று பழனிமுத்து சொல்லியிருக்கிறார்.

அந்த நிம்மதி பங்குனி வரைக்கும் தாங்கியது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை திருப்பூரில் விசாரித்துக்கொண்டு பசீர் அகமது வீட்டுக்குப் போனான். ஒற்றை அறை வீடு. பட்டறை வேலை போனபின் கடைவீதியில் துணிப்பொதி வண்டி இழுத்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி ஜஹானாரா வாசலில் நின்று அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"காலேஜு சாருங்களா? பூதக்கண்ணாடி கொண்டாரலீங்களா? வந்ததுக்கு ஊட்டுக்குள்ளயும் பாத்துட்டுப் போறதுதானுங்களே."

"சும்மா இரு," என்றார் பசீர் அகமது. "அவரு இருந்ததச் சொன்னாரு. உக்காருங்க சார்."

உட்கார்ந்தான். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. அவரே பேசினார்.

"உங்க மேல எனக்கு வருத்தமில்லீங்க. மொதல்ல நாந் தொறக்கலைன்னுதான் நெனச்சுட்டிருந்தேன். அப்புறம் காலேஜுக் காயிதம் வந்துச்சு. இரும்பே சொல்லிருச்சே, இரும்பு எதுக்குப் பொய் சொல்லுதுன்னு ராவும் பகலும் யோசிச்சேனுங்க. யோசிக்க யோசிக்க, கை வால்வு மேல இருந்தாப்பல ஞாவகம் வந்துருச்சு. வால்வு சில்லுனு இருந்தது வரைக்கும் ஞாவகமிருக்குது."

கையை விரித்துப் பார்த்துக்கொண்டார்.

"சபுரா பீவியம்மா ஊட்டுக்குப் போனேன். பையன் பாதி நாள் எங்கூட்டுலதானுங்க சாப்புடுவான். நாந்தான் தொறந்தேன், மாப்புக் குடுங்கம்மான்னு கேட்டேன். அப்புறம் குடுத்துட்டேன்னாங்க. ஆனா அதுக்கப்புறம் இந்தச் சந்து வழியா வர்றதில்லீங்க. தண்ணிக்குக்கூடச் சுத்திக்கிட்டுப் போறாங்க."

அப்போதுதான் பழனிமுத்து சொன்னான். துணி, ஈரம், நாலு நாள், தேய்க்காமல் விட்டது எல்லாவற்றையும் சொன்னான். புரிகிற மாதிரி சொல்ல வேண்டும் என்று சொன்னதையே திரும்பவும் சொன்னான். ஜஹானாரா டீ டம்ளரோடு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

பக்கத்து வீட்டில் யாரோ அம்மி அரைத்து முடித்து, கல்லைக் கழுவி ஊற்றினார்கள்.

"அப்ப வால்வு?" என்றார் பசீர் அகமது.

"நீங்க தொறக்கலீங்க."

"எனக்கு ஞாவகம் இருக்குதுங்களே."

"அது என் காயிதத்தால வந்ததுங்க."

அவர் அழவும் இல்லை, திட்டவும் இல்லை. டீயை வாங்கி அவன் கையில் கொடுத்தார்.

"இத்தன நாளா இந்த மனுசன் தூங்கல," என்றாள் ஜஹானாரா. "கால்மணி நேர வேலைன்னீங்களே, சார். அத நீங்க செஞ்சிருந்தா?"

அவன் டீயைக் குடிக்காமல் கீழே வைத்தான்.

"பட்டறை வேலை வேண்டாமுங்க," என்றார் பசீர் அகமது. "ஆத்தப்பங்கிட்டயும் ஒண்ணுஞ் சொல்ல வேண்டாம். அந்தம்மாகிட்ட மட்டும் நீங்க வந்து, உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லோணும். நாஞ் சொன்னா நம்ப மாட்டாங்க. நாந்தான்னு சொன்ன வாயாச்சுங்களே."

"வர்றேனுங்க."

"வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சு வாங்க. மூணு மணி பாசஞ்சருக்கு நான் ஸ்டேசன்லயே நிக்கறேன். சந்துக்குள்ள ஊடு, உங்களுக்கு வழி தெரியாது."

வெள்ளிக்கிழமை பாசஞ்சரில் ஏறினான். அதில் சந்தேகம் இல்லை. டிக்கெட் எடுத்தான், ஏறினான். வழியெல்லாம் சொல்ல வேண்டிய வாக்கியத்தைச் சேர்த்துப் பார்த்தான். 'துணியில் குளோரின் இருந்தது' என்று தொடங்கினால் அந்த அம்மாவுக்குப் புரியாது. 'தப்பு நடந்துபோச்சு' என்றால் யார் செய்த தப்பு என்று கேட்பாள். 'ரயிலுக்கு நேரமாகிவிட்டது' என்பதுதான் உண்மை. பிள்ளையைப் பறிகொடுத்தவள் முன்னால் உட்கார்ந்து அதை எந்த முகத்தோடு சொல்வது? சோமனூர் தாண்டியதும் காலேஜுக்கு விஷயம் போகும், தலைவர் காதுக்கு எட்டும் என்பதையும் நினைத்தான். நினைக்கவில்லை என்று சொன்னால் பொய்.

திருப்பூரில் வண்டி நுழையும்போது பசீர் அகமதுவைப் பார்த்துவிட்டான். சலவைச் சட்டை, தொப்பி, எண்ணெய் தடவி வாரிய தாடி. கல்யாணத்துக்கு ஆளை அழைத்துப்போக வந்தவர் மாதிரி நின்றார். வண்டி நின்றதும் எஞ்சின் பக்கமிருந்து ஒவ்வொரு ஜன்னலாக எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

பழனிமுத்து எழுந்தான். இறங்கத்தான் எழுந்தான். கால் கதவுப் பக்கம் போகாமல் கக்கூஸ் பக்கம் போனது. உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டான். மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றவனுக்கு வெளியே குரல் கேட்டது. "சார்... காலேஜு சார்..." சத்தமாகக்கூட இல்லை, மரியாதையான குரல். அது நெருங்கி வந்தது, ஜன்னலுக்கடியில் ஒரு தடவை கேட்டது, தள்ளிப் போனது. யாரோ, "எந்த சாருங்க பாய்?" என்று கேட்டார்கள். வண்டி கிளம்பியது.

ஊத்துக்குளியில் இறங்கி இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். சாயங்கால வண்டியில் அதே வழியாகத் திரும்பினான். திருப்பூர் வந்தபோது பிளாட்பாரத்துக்கு எதிர்ப்பக்க ஜன்னலில் உட்கார்ந்து, கூட்ஸ் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பசீர் அகமது இன்னும் நின்றிருந்தாரா இல்லையா என்பது அவனுக்குத் தெரியாது. பார்க்கவில்லை.

அதன்பிறகு மாதக்கணக்கில், "ஆரோ உங்களப் பாக்க வந்திருக்காங்க" என்று லிங்கசாமி சொல்லும்போதெல்லாம், வந்தவர் யார் என்று கதவிடுக்கில் பார்த்த பிறகே வெளியே போவான். பசீர் அகமது வரவே இல்லை. கடிதமும் போடவில்லை. பழனிமுத்து பனியன் துணி கொண்டுவருவதை நிறுத்திவிட்டு மருந்துக்கடைப் பஞ்சு வாங்கினான். "டாக்டரு கம்பெனிய மூடிட்டாருங்களா?" என்று லிங்கசாமி கொஞ்ச நாள் கேலி பேசினார். பிறகு விட்டுவிட்டார். அக்கா வீட்டுக்குப் போக நேர்ந்தால் பஸ்ஸில் அவிநாசி சுற்றிக்கொண்டு போனான்.

எழுபத்தொன்றில் ஆராய்ச்சி நூலைச் சமர்ப்பித்தான். பதினான்காம் படம் அந்த விரிசல்தான். பரிசோதிக்க வந்தவர் அந்தப் படத்தைத் தனியாகப் பாராட்டினார். வரப்பு வழியே இவ்வளவு சுத்தமாக ஓடும் விரிசலைத் தான் பார்த்ததில்லை என்றார். எங்கே கிடைத்தது என்று கேட்டார். ஒரு பட்டறையில் என்றான்.

எழுபத்து மூன்றில் சபுரா பீவிக்கு ஒரு கடிதம் எழுதினான். படித்துக் காட்டுகிறவருக்கும் புரிய வேண்டும் என்று எளிய தமிழில் இரண்டு பக்கம். விலாசதாரர் இல்லை என்று பென்சிலால் எழுதித் திரும்பி வந்தது.

சபுரா பீவி அதற்கு ஒரு வருஷம் முன்பே இறந்துவிட்டாள். தன் பிள்ளை சாகக் காரணம் பசீர் அகமது என்றே நம்பி இறந்தாள். பசீர் அகமது எழுபத்தைந்தாம் வருஷம் வரை பொதிவண்டி இழுத்துவிட்டு, மடத்துக்குளத்தில் மச்சினன் வீட்டுக்குப் போய், அங்கேயே காலமானார். ஜஹானாரா திருப்பூருக்குத் திரும்பிவந்து ஒரு பனியன் கம்பெனியில் மடிக்கிற வேலை பார்த்தாள். ஆத்தப்பன் பிளந்த கொப்பரையைப் பழைய இரும்புக்கு எடை போட்டுவிட்டு, வெல்டிங் செய்த கொப்பரை மூன்று வாங்கிப்போட்டார். பட்டறை நன்றாக நடந்தது. துறைத் தலைவர் ஓய்வுபெற்று மகனோடு மதராசுக்குப் போனார். லிங்கசாமி வேலையில் இருக்கும்போதே மாரடைப்பில் போய்விட்டார். பழனிமுத்து அதே துறைக்குத் தலைவராகி ஓய்வுபெற்றார். இரும்பை எதில் துடைக்க வேண்டும் என்று வருஷா வருஷம் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அது தனக்கு எப்படித் தெரியும் என்று சொல்லவில்லை. கல்லூரி ஃபைலில் இருக்கும் அந்த அறிக்கை திருத்தப்படவில்லை.